முப்பிடாதியின் பித்தளைக் கை

கியர் லைனில் சந்திரலேகாவுக்குக் கண்ணால் பார்ப்பதுதான் வேலை. வெள்ளை விளக்கின் அடியில் ஒவ்வொரு கியராகத் திருப்பிப் பார்ப்பாள். பல்லில் கீறலோ குழியோ தெரிந்தால், பெயிண்ட் டப்பாவில் பிரஷைத் தொட்டு அதன் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவாள். பொட்டு வைத்தது ரிஜெக்ட், பழைய இரும்புக்குப் போகும். பொட்டில்லாதது நல்ல கியர், கம்பெனியின் சொத்து, கேட்டைத் தாண்டக் கூடாது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

ஷிப்ட் முடிந்து வல்லம் வடகாலில் இருக்கும் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டால் அவள் வேறு ஆள். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதற்குள் பட்டறை போட்டிருந்தாள். மனிதர்கள் மின்சாரத்தைக் கண்டுபிடிக்காமலே போய், உலகம் இன்றுவரை நீராவியில் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் உலகத்துக்கான பொருள்களை இந்த உலகத்தின் குப்பையிலிருந்து செய்வதற்குத்தான் ஸ்டீம்பங்க் என்று பெயர். பித்தளைக் கப்பல்கள் மேகத்தில் மிதக்கும் ஒரு நகரத்தை ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் படித்த நாளிலிருந்து அது அவளைப் பிடித்துக்கொண்டது. வெல்டிங் கண்ணாடியில் முகமூடி, உடைந்த வால்வில் மேசை விளக்கு என்று செய்து இணையத்தில் படம் போடுவாள். சென்னையில் போட்டோ எடுக்கிறவர்கள் சிலர் வாங்கினார்கள். அவள் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கீழே ரோட்டில் எலக்ட்ரிக் கார்களை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர்கள் வரிசையாகப் போகும்.

அவள் செய்ததிலேயே அதிக நாள் பிடித்தது முப்பிடாதியின் கை.

முப்பிடாதி அவளுடைய அறைத்தோழி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தவர்கள். போன வருடம் அதே கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், மெஷின் அவளுடைய வலது கையின் நடு மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. இப்போது ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வலது கை எந்நேரமும் துப்பட்டாவுக்குள்ளேயே இருக்கும். பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை.

தோல் கையுறையின் மேல் பித்தளைத் தகட்டில் மூன்று விரல்கள். மூட்டுக்கு மூட்டு ஒரு சின்ன கியர். மணிக்கட்டில் ஒரு பழைய பிரஷர் மீட்டர். கட்டைவிரலை மடக்கினால் சைக்கிள் பிரேக் வயர் இழுபட்டு மூன்று விரல்களும் மெல்லக் குவியும், மீட்டரில் முள் நடுங்கி எழும். டம்ளரைப் பிடிக்க அதற்கு வலு இல்லை, பூவைப் பிடிக்கும். பொட்டு வைத்த ரிஜெக்ட் கியர்களை மண்ணூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் எல்லப்பனிடம் வாங்கியிருந்தாள். கம்பெனிச் சரக்கை நேராக உருக்கத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய காண்ட்ராக்ட். வெளியே தெரிந்தால் தன் பிழைப்பு போய்விடும் என்று சொல்லிக்கொண்டேதான் பொட்டலம் கட்டினார்.

முதல் தடவை போட்டுப் பார்த்தபோது முப்பிடாதி மூட்டுகளில் இருந்த சிவப்புப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்தச் செவப்ப மட்டும் எடுத்துரு. அன்னைக்குப் பாத்ததே போதும்."

சந்திரலேகா பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் டூத் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொட்டுகள் கரைந்து போக, இரும்பு நிலவுபோல் வெளுத்து வந்தது. அந்தப் பளபளப்பில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்பதும்கூட.

ஆயுத பூஜைக்கு மட்டும் தொழிலாளிகளின் வீட்டு ஆட்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். தானும் வருவதாக முப்பிடாதி சொன்னதும் சந்திரலேகாவால் நம்ப முடியவில்லை. "அந்த மிசினுக்கு நானும் ஒரு பூ வைக்கணும் பிள்ள. இந்தக் கையால." ஒரு வாரம் மாடியில் செவ்வந்தியை எடுப்பதும் வைப்பதுமாகப் பழகினாள்.

கேட்டில் செக்யூரிட்டியின் கருவி கத்தியது. துப்பட்டாவை விலக்கச் சொன்னார்கள். பின்னால் குழந்தைகளோடு வரிசை நின்றது. லைன் சூப்பர்வைசர் கலைமணியைக் கூப்பிட்டனுப்பினார்கள். மண்ணூர்க்காரி, கோபமில்லாத மனுஷி. அவள் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஒண்ணுலகூட மார்க் இல்ல?"

எல்லாம் ரிஜெக்ட்தான், தானே மார்க் பண்ணியவை, தானேதான் அழித்தாள் என்று சந்திரலேகா சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே பொய்போல் கேட்டது. எல்லப்பனுக்குப் போன் போட்டார்கள். கம்பெனிச் சரக்கை அவர் யாருக்கும் விற்பதில்லையாம், அந்தப் பெண்ணையே தெரியாதாம்.

கலைமணி செக்யூரிட்டியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னாள். "எழுதிக் குடுத்தா திருட்டு கேசு. உன் வேலையும் பூடும், இந்தக் கையும் ஸ்டோர்ல பூடும். மார்க் இருந்துச்சுன்னா இது ஸ்கிராப்பு. ஸ்கிராப்புன்னா நான் பேசிக்கிறேன். அவ்ளோதான் என்னால முடியும்."

லைனிலிருந்து பெயிண்ட் டப்பா வந்தது. கியர்களைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று சந்திரலேகா யோசித்தாள். கழற்றினால் விரல் மடங்காது. பூ வைக்க முடியாது. வேண்டாம், திரும்பிப் போய்விடுவோம் என்று தோழியின் காதில் சொன்னாள்.

முப்பிடாதி மேசைமேல் கையை நீட்டினாள். மருதாணிக்கு நீட்டுவதுபோல விரல்களை விரித்து வைத்தாள்.

"வையி. நீ வைக்காம வேற யாரு வைப்பா?"

சந்திரலேகா பிரஷை எடுத்தாள். தொட்டு, வைத்து, அடுத்தது. தொட்டு, வைத்து, அடுத்தது. லைனில் ஓடும் அதே வேகத்தில் கை அது பாட்டுக்கு வேலையை முடித்தது. பிரஷைக் கீழே வைத்த பிறகுதான் அது யாருடைய கை என்று பார்த்தாள்.

பிரஸ் ஷாப்பில் அந்த மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் தடவி, மாலை போட்டிருந்தார்கள். முப்பிடாதி கட்டைவிரலை மடக்கினாள். முள் எழுந்தது. மூன்று விரல்களும் செவ்வந்தியைக் கவ்வி, மெஷினின் மேசைவரை பதறாமல் கொண்டுபோயின. ஆனால் விரித்தபோது பூ விழவில்லை. காயாத பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. அவள் உதறினாள். இன்னொரு தடவை உதறினாள். கடைசியில் இடது கையால் பிய்த்து வைத்தாள். இதழ்கள் சில மூட்டிலேயே தங்கிவிட்டன.

பக்கத்தில் பொரி கொறித்துக்கொண்டிருந்த ஒரு புதுப் பெண் அந்தச் சிவப்புப் பொட்டுகளையும் இதழ்களையும் எட்டிப் பார்த்தாள். "இதுக்கும் பூஜை போட்டுக்கினீங்களாக்கா? அழகா கீது."

"ஆமாம்மா, போட்டாச்சு" என்றாள் முப்பிடாதி.

பிறகு கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். பெயிண்ட் ஈரமாக இருக்கிறது என்றாள் சந்திரலேகா. தெரியும் என்று முப்பிடாதி தலையை மட்டும் ஆட்டினாள். வெளிர்நீலத் துணியில் ஒவ்வொரு பொட்டாகச் சிவப்பு ஊறி மேலே வந்தது. தின்னர் போட்டால் போய்விடும் என்று சந்திரலேகாவுக்குத் தோன்றியது; அன்றைக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளியே யாரோ பூசணிக்காயை உடைத்தார்கள்.