பூவனநாதன் புதைத்த வயர்

கோவில்பட்டியில் அஸ்திவாரம் என்றால் பூவனநாதன் கொத்தனார்தான். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், சுவரைச் சும்மா விடாது என்று வீடு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் வகுப்பு எடுப்பார். கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டுச் சரளைக் கொட்டி இடிக்காமல் ஒரு கல் வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுசன் வீட்டில்தான் இன்டர்நெட் நொண்டி அடித்தது.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரை மாதம். மகள் தீபலட்சுமிக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்று தகைந்திருந்தது. எங்கோ அமெரிக்காவில் டாக்டர் பேசிப் பதிந்ததை இறக்கி, காதில் கேட்டு, டைப் அடித்து அனுப்ப வேண்டும். ஒரு வாரம் சோதனை. சொன்ன நேரத்துக்கு அனுப்பினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் அம்மா சுடலையம்மாள் மாதிரி தீப்பெட்டி ஆபீஸில் போய் உட்கார வேண்டியதுதான். மருந்து அரித்த சுடலையம்மாளின் விரல் நுனிகளைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வேலைக்கு மகளை அனுப்ப மாட்டார்கள்.

டீ ஆறுகிற நேரத்தில் இறங்க வேண்டிய பைல், சோறு பொங்கி வடித்த பிறகும் பாதியில் நின்றது. போனை எடுத்தால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம்.

பூவனநாதனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா? முதலில் பக்கத்து வீட்டு மாயகிருஷ்ணனின் கிரைண்டர்தான் காரணம் என்றார். அவரிடம் போய்ச் சண்டையும் போட்டார். பிறகு ஊரே ஒரே நேரத்தில் திறக்கிறது, குழாயடியில் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராத மாதிரி என்று டீக்கடையில் விளக்கினார். அதில் கொஞ்சம் உண்மை இருந்ததால் நாலு பேர் தலையாட்டினார்கள். அந்தத் தெம்பில், அமெரிக்காவில் அப்போது ராத்திரி, கம்பி குளிர்ந்துபோய் வேகம் குறைகிறது என்று அடுத்த தத்துவத்தையும் எடுத்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு அலுப்பாக இருக்கும் என்று டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மகளை வேர்க்க விட்டார்.

போன் ஆபீஸில் இரண்டு தரம் புகார் கொடுத்தார். லைன்மேன் சண்முகராஜ் தெருவோடு வந்து கம்பத்தில் ஏறிச் சோதித்துவிட்டு, கம்பம் வரைக்கும் லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

கடைசி நாள் காலை. மத்தியானத்துக்குள் பைலை முடித்து அனுப்ப வேண்டும். தீபலட்சுமி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் பூவனநாதன் முற்றத்துக்கு வந்தார்.

முற்றத்துக் கரிசல் வெடித்துக் கிடந்தது. வாசல் கேட்டுப் பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்குள் கறுப்பு வயர் ஒன்று விண்ணென்று நின்றது.

அவரே புதைத்த வயர். சண்முகராஜ் போன ஐப்பசியில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மேலாக்கத்தான் வயர் போட்டிருந்தார். தன் கையால் தாமரைப்பூ வார்த்த முகப்புக்குக் குறுக்கே கறுப்பு வயர் தொங்குவதா என்று லைன்மேன் அந்தப்பக்கம் போனதும் பூவனநாதன் அதை முகப்பிலிருந்து கழற்றி வாசல் கேட்டோரம் இறக்கினார். நீளம் பத்தாததற்கு ஒரு துண்டை முறுக்கி ஒட்டு போட்டு டேப் சுற்றினார். கொத்தனார் கை அல்லவா, மட்டநூல் கட்டுகிற மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்துக் கரிசலுக்குள் புதைத்தார். மழைக்கு ஒட்டில் ஈரம் இறங்கியிருக்கும். வெயிலுக்கு மண் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறது. டேப் கிழிந்து, பச்சை பூத்த செம்பு ஒரே ஒரு இழையில் தொங்கியது.

ஊரார் வீட்டுச் சுவருக்குப் பார்த்த மண்ணை மகளுடைய வயருக்குப் பார்க்கவில்லை. அதைவிடக் கேவலம், பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், காலால் மண்ணைத் தள்ளி வெடிப்பை மூடப் பார்த்ததுதான்.

உள்ளே தீபலட்சுமி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காலை எடுத்தார். நேரே போன் ஆபீஸுக்குச் சைக்கிளை மிதித்து, சண்முகராஜைக் கையோடு அழைத்து வந்தார்.

சண்முகராஜ் முகப்பை அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, நான் போட்ட வயரு எங்க?"

பூவனநாதன் தரையைக் காட்டினார்.

"கரிசலுக்குள்ளயா? கம்பத்துல ஏறி எறங்குனேனே ரெண்டு தரம், அப்பவாது சொல்லக்கூடாதா?"

"கேக்கலையே நீ."

"வயரைப் புதைச்சிருக்கீயளான்னு யாருவே கேப்பாவ?"

சுவருக்கு அந்தப்பக்கம் மாயகிருஷ்ணன் நின்று, கிரைண்டரை நிறுத்த வேண்டுமா என்று ரொம்பப் பணிவாக விசாரித்தார். பூவனநாதன் ஏணியைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

ஒட்டில்லாத புது வயர் தாமரைப்பூவுக்குக் குறுக்கே ஏறியது. பைல் மளமளவென்று இறங்கியது. தீபலட்சுமி தண்ணீர்கூடக் குடிக்காமல் அடித்து, மில்லின் மத்தியானச் சங்குக்கு முன்னால் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் வேலை கொடுத்த சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவள் முகம் மலர்ந்ததிலேயே வேலை நிலைத்துவிட்டது தெரிந்தது. அங்கே முந்தின நாட்களின் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது.

"ஆமா சார், லைன் கோளாறுதான். ஒரு கொத்தனார் விவரம் தெரியாமப் புதைச்சிட்டாரு. இப்ப சரியாயிட்டு."

விவரம் தெரியாத கொத்தனார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து சுடலையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்தக் கொத்தனாருக்கும் சேத்துக் காப்பி போடவா?"

"போடு," என்றார் பூவனநாதன்.