வலது கண்ணுக்குள் எண்ணெய்

களத்தில் ஒன்றுமே இல்லை. காய்ந்த மிளகை நேற்றே மூட்டை கட்டியாகிவிட்டது. ஆனாலும் பூபதி குனிந்து சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். "இத்தன மொளகு சிந்திக் கெடக்குது, கூட்டாம உட்டுட்டியா புள்ள?" என்றார். மனைவி தேன்மொழி விளக்குமாற்றோடு வந்து பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. அவர் நிமிர்ந்ததும் கறுப்பு உருண்டைகளும் கூடவே நகர்ந்தன. அவர் அதைச் சொன்ன பிறகுதான், அவை தரையில் இல்லை, கண்ணுக்குள் இருக்கின்றன என்று இருவருக்கும் புரிந்தது.

இடது கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போயிருந்தது. மிச்சம் வலது ஒன்றுதான். போன வருடம் அதில் விழித்திரை கழன்றது. சேலத்து ஆஸ்பத்திரியில் திரையை ஒட்டவைத்து, அதை அழுத்திப் பிடிக்க உள்ளே சிலிக்கான் எண்ணெயை நிரப்பினார்கள். நான்கு மாதத்தில் வந்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நான்காம் மாதம் தினை விதைப்பு. பிறகு மழை. பிறகு, பார்வைதான் நன்றாக இருக்கிறதே என்ற தைரியம். பதினொரு மாதம் ஓடிவிட்டது.

சேலத்துக்குப் போக மலைமேல் சோளக்காடு ஊரில் ஏறிய பஸ் மலை வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் பூபதி வாந்தி எடுத்தார். கண்டக்டர் ஒரு கவரை நீட்டி, "ஏனுங்க, மலைக்காரங்களே இப்புடின்னா டூரிஸ்ட்டு என்னங்க பண்ணுவான்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பூபதியும் சிரிக்கப் பார்த்தார். சமவெளி வந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை. நெற்றி பிளந்துவிடும்போல் வலித்தது.

"எண்ணெய் பொடிப் பொடியா உடைஞ்சிருச்சு. அதான் உருண்டையா தெரியுது," என்றார் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர். "கண்ணுல தண்ணி வடியற பாதைய அடைச்சு பிரஷர ஏத்திருச்சு. நாளைக்கே எடுக்கணும். எடுத்தா திரை மறுபடி கழலலாம். எடுக்கலைன்னா நரம்பு செத்துடும்." எடுத்த பிறகு எதை நிரப்புவது என்று பூபதியும் தேன்மொழியும்தான் சொல்ல வேண்டும். வாயு என்றால் தானே கரைந்துவிடும். ஆனால் ஒரு மாதம் மலை ஏறக் கூடாது, ஏறினால் கண்ணுக்குள் உப்பிவிடும். எண்ணெய் என்றால் ஊருக்குப் போகலாம். ஆனால் இதே தொல்லை திரும்ப வரலாம். "போன தடவையும் இதத்தான் கேட்டேன்," என்றார், ஃபைலைப் புரட்டியபடி.

பூபதி தலையைத் திருப்பினார். "யாரைக் கேட்டீங்க?"

"என்னயத்தானுங்க," என்றாள் தேன்மொழி.

டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். போன வருடம் இதே வராந்தாவில், இவருக்கு உள்ளே சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எண்ணெயே வையுங்கள் என்று கையெழுத்துப் போட்டாள். டாக்டர்தான் முடிவு செய்தார் என்று இவரிடம் சொன்னாள். பிறகு அதை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

"மொளகு பழுத்து உதுந்துட்டிருந்துச்சுங்க. மாடு வேற நெறஞ்ச சென. ஒரு மாசம் இங்க உக்காந்தா ஊட்டுல யாரு இருக்கறா?"

"என்னயக் கேட்டிருந்தாலும் எண்ணன்னுதான் சொல்லிருப்பேன்," என்றார் பூபதி. "ஆனா கேட்டிருக்கோணும்ல புள்ள. இருக்கறது ஒத்தக் கண்ணு. அதும் என்னோடது."

அவள் அழவில்லை. அழுதால் எந்தப் பிரஷரும் இறங்கப் போவதில்லை.

நர்ஸ் படிவத்தை வழக்கம்போல் தேன்மொழியிடம் நீட்டினாள். பூபதி கையை நீட்டி மறித்தார். "எனக்குப் படிச்சுக் காட்டு சாமி. ஒண்ணு உடாம."

நர்ஸ் படித்தாள். திரை மீண்டும் கழலலாம். ரத்தம் கசியலாம். அழுத்தம் குறையாமல் போகலாம். பார்வை திரும்பாமலும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் அவர் "ம்" என்றார். தேன்மொழியும் இதையெல்லாம் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

"வாயு எந்தக் கட்டம், எண்ண எந்தக் கட்டம்?"

நர்ஸ் அவருடைய விரலைப் பிடித்து இடப்பக்கம் வாயு, வலப்பக்கம் எண்ணெய் என்று இரண்டையும் தொட்டுக் காட்டிவிட்டு, பேனாவைக் கொடுத்தாள். தேன்மொழி இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பேனாவின் முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்று, வலப்பக்கம் போய், மெல்ல இடப்பக்கம் வந்தது.