கசிவு

மூன்று ஆபீஸ் ஜீப்புகளும் ஒரே நாளில் வந்து நின்றதைப் பார்த்ததும் மருதாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கால்வாய்ப் பாலத்தின் தூண் சரிந்து, அடியில் போகும் குழாய் உடைந்ததிலிருந்து கேரள எல்லையோரத்து மேட்டுத்தெருவுக்குச் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. உடைப்பில் பீய்ச்சியடிப்பதைத்தான் தெருவே குடத்தில் பிடித்துக் குடித்தது. அவள் கணவர் ஆறுமுகசாமி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவரைத் துடைக்க, துணி அலச எல்லாவற்றுக்கும் அவள்தான் சரிவில் குடம் சுமந்தாள். முழங்கால் வீங்கிப்போனது. பஞ்சாயத்தில் கேட்டால் குழாய் குடிநீர் ஆபீசுடையது என்றார்கள். அங்கே போனால், பாலம் பாசன ஆபீசுடையது, தூணைக் கட்டாமல் குழாயைத் தொட முடியாது என்றார்கள். பாசன ஆபீசிலோ, பாலத்தடியில் குழாய் போகப் பஞ்சாயத்துதான் இடம் கொடுத்தது, அங்கேயே கேள் என்றார்கள். கடைசியில் கலெக்டரிடமே பராதி மனு கொடுத்துவிட்டு வந்தாள்.

அதிகாரிகள் மூவரும் குனிந்து பார்த்தார்கள். மலையாளத்திலும் தமிழிலுமாக வெகுநேரம் வாக்குவாதம். தூணை யார் கட்டுவது என்பது முடிவாகவில்லை. தண்ணீர் வீணாகிறது என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். மேலே வால்வை அடைக்க ஆள் போனது.

"ஏனுங்க சார், அடைச்சுப்போட்டா நாங்க எங்கீங்க போறது?"

"தீர்மானம் ஆகட்டும்மா. அதுவரைக்கும் பஞ்சாயத்து லாரியில தண்ணி விடும்," என்றார் குடிநீர் ஆபீஸ் அதிகாரி.

"லாரிக்கு எங்ககிட்ட ஃபண்டு இல்லீங்களே," என்றார் கூட நின்ற பஞ்சாயத்து மெம்பர் பழனிச்சாமி.

பீய்ச்சியடித்த தண்ணீர் வளைந்து, மெலிந்து, நின்றது. ஜீப்புகள் போய்விட்டன.

"ஓடுன தண்ணியையும் நிறுத்திப்போட்டியே மருதா," என்றாள் பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாள். "உன்னைய ஆரு பராதி குடுக்கச் சொன்னது?"

நம்ம எல்லாருக்குந்தானுங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சரஸ்வதியம்மாள் திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே நாற்றம் அடித்தது. ஆறுமுகசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு போனபிறகு வெட்கப்பட அவருக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். பானையில் தண்ணீர் இல்லை. மருதாத்தாள் போசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் சரிவில் இறங்கினாள்.

உடைப்புக்குக் கீழே தண்ணீர் அரித்துப் பறிந்திருந்த குழியைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்தார்கள். எல்லார் கையிலும் தேங்காய்ச் சிரட்டை. அவள் வந்து நின்றது தெரிந்தும் ஒருத்தியும் நகர்ந்து இடம்விடவில்லை. அவர்கள் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கலங்கல் நீரில் வானம் ஒரு துண்டு கிடந்தது. ஒவ்வொரு சிரட்டை இறங்கும்போதும் அது உடைந்து, மறுபடி கூடியபோது முன்னைவிடச் சிறுத்திருந்தது.