அக்கா பேரில் ஒரு கருத்து

சொந்தபந்தம் எல்லாருக்கும் அவர் நெட் மாமா. இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை. எந்த வீட்டில் வைஃபை படுத்தாலும் இவர்தான் போய் நிற்பார். போனால் சும்மா திரும்பமாட்டார். எந்த போன் உருப்படியானது, எந்த டிவிக்காரன் காசு வாங்கிக்கொண்டு செய்தி போடுகிறான், அரசாங்கம் எதைத் தடை செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் வழங்கிவிட்டுத்தான் கிளம்புவார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் வைஃபை வராதோ என்ற பயம், வேறென்ன.

அன்று அவருக்கு வார விடுமுறை. மூன்றரை மணிக்கு அக்கா வந்தாள். காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிற டீச்சர் அவள். கையில் நான்கு தாள்கள், அடித்தும் திருத்தியும் எழுதியவை.

"டேய், இதைக் கொஞ்சம் பாரு. இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதாம். காலைலேருந்து முட்டி மோதிப் பாத்துட்டேன். உங்கள் கருத்து ஏற்கனவே பதிவாகிவிட்டதுன்னே சொல்லுது. நான் இன்னும் போடவே இல்லையே."

நெட் மாமா தாள்களை வாங்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

விஷயம் இதுதான். கூடுதல் பணம் கட்டுகிற பெரிய நிறுவனங்களின் சேவைகளுக்கு இணையத்தில் வேகப் பாதை தரலாம், மற்றவை மெதுவாக வந்தால் போதும் என்று ஒரு விதி வரப்போகிறது. அதைப் பற்றித் தொலைத்தொடர்பு ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. ஒரு போன் நம்பருக்கு ஒரு கருத்து, அந்த நம்பருக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் பதிவாகும். போட்டால் போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. பெயர், தொழில், வேலை பார்க்கும் இடம் எல்லாம் ஆணையத்தின் தளத்தில் வெளியாகும். நெட் மாமாவின் கம்பெனிக்கு இந்த விதி வெல்லக்கட்டி. ஆகவே மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கு இருபது பேரிடமிருந்து ஆதரவுக் கருத்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

யார் அலைவது? வைஃபை பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், "ஒரு ஆறு எண் வரும், சொல்லுங்க, லைனைச் சரிபார்க்கணும்" என்று கேட்டு வாங்கி, அவரவர் பேரில் அவரே எழுதிப் போட்டார். அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம். மற்றவர்கள் ஒரே மாதிரிக் கடிதத்தை இருபது முறை ஒட்டியபோது, இவர் தையல்காரருக்குத் தையல்காரர் பேச்சு, டிரைவருக்கு டிரைவர் பேச்சு என்று ஆளுக்கேற்றபடி எழுதினார். மேனேஜர் எல்லார் முன்னாலும் கை தட்டினார். நெட் மாமாவுக்கு அன்றெல்லாம் வாயெல்லாம் பல்.

இப்போது அக்கா அவருடைய கம்ப்யூட்டரிலேயே தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"ஒரு ஆசிரியை என்ற முறையில் இந்த விதியை மனமார வரவேற்கிறேன். என் மாணவர்களின் எதிர்காலத்துக்கு இதுவே நல்லது." நிறுத்தினாள். "என் மாணவர்களா? எவன்டா இது?"

அவர் அந்தப் பக்கத்தை மூடக் கை நீட்டினார்.

"யாரோ என் நம்பரைத் திருடிட்டாங்கடா. நீ எத்தனை தடவை சொல்லியிருக்க, அந்த எண்ணை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதன்னு. நானும் உன்னைத் தவிர ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

சந்தேகப்பட்டு அவள் அதைச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

அதற்கு மேல் மென்று முழுங்க முடியவில்லை. மேனேஜர், இருபது பேர், கை தட்டல் என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். ஐம்பது வயதில் கூனிக் குறுகி அக்கா முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. காது இரண்டும் சுட்டன. அவள் திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

"அந்த இருபதுல உன் பேர் இருக்கா?"

"இல்லக்கா."

"ஏன்?"

இந்த விதி அநியாயம் என்று அவருக்கே தெரியும். பொய்யை அடுத்தவர் பேரில் எழுதும்போது கை தடையில்லாமல் ஓடியது. தன் பேரில் எழுத மட்டும் கூசியது. அவ்வளவுதான் அவருடைய நேர்மை.

"அப்ப உன் நம்பர் சும்மாதானே கிடக்கு. இதை உன் பேர்ல போடு," என்றாள் அக்கா. "நான் படிக்கிறேன், நீ அடி."

அவள் படித்தாள், அவர் அடித்தார். ஏழு வயதுக் குழந்தை ஒன்று, வீடு வெகுதூரம், வாரம் மூன்று நாள் வீடியோவில் சைகை மொழியில் பாடம். "படம் நின்னா என் கை அந்தரத்துல நின்னுடுது. மத்தவங்களுக்கு அது தடங்கல். அவளுக்குப் பேச்சே நின்னு போறது. கை ஓங்கினபடி நிக்கறதப் பாத்து, தன்னைத்தான் திட்டறேனோன்னு நெனச்சு ஒரு நாள் அழுதுட்டா." அந்தப் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றி அடித்துக்கொண்டே போனார் நெட் மாமா. தான் ஜோடித்த இருபதில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது என்று அவருக்குப் புரிந்தது. டீச்சர் பேச்சு என்று தான் எழுதியதை நினைத்தபோது உடம்பு எரிந்தது.

நாலு ஐம்பதுக்குக் கருத்து முடிந்தது. பெயர் போட்டார். தொழில் போட்டார். அடுத்த கட்டம், வேலை பார்க்கும் நிறுவனம். அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது.

மேனேஜர் தினமும் காலையில் அந்தத் தளத்தில் கம்பெனி பேரைத் தேடிப் பார்ப்பவர். நாளைக்கு முதலில் கண்ணில் படப்போவது இதுதான். வேலை போய்விடாது. போகவும் செய்யலாம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். விரல் விசைக்கு மேலேயே நின்றது.

"அக்கா, இங்க கம்பெனி பேர் கேக்குது," என்றார்.

"ம்."

"எல்லாருக்கும் தெரியுற மாதிரி வரும்."

"ம்."

போடு என்று அவள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். நாலு ஐம்பத்தைந்து. அவர் முதல் எழுத்தை அடித்தார், அழித்தார். நாலு ஐம்பத்தெட்டுக்கு இன்னொரு முறை அடித்தார். இன்னொரு முறை அழித்தார். அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி. கருத்துத் தெரிவிக்கும் காலம் முடிந்தது, பங்கேற்றமைக்கு நன்றி என்றது திரை.

அவர் மனைவி மூன்று பேருக்கும் தேநீரோடு வந்தாள். "என்ன அண்ணி, போயிடுச்சா?"

அக்கா தாள்களை அடுக்கி, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கம்மா. கடைசி நாள் கூட்டம்போல இருக்கு, சைட்டே திறக்கல. பாவம், அவனும் என்னென்னவோ பண்ணிப் பாத்தான்."

விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவள் என்று அவர்கள் வீட்டில் பேர் வாங்கியவள் அவள். அந்தப் பொய் அவள் வாயில் பழக்கமில்லாமல் தடுமாறியது நெட் மாமாவுக்கு நன்றாகக் கேட்டது. இருபது பேர் சார்பில் வாய் கிழியப் பேசியவர், இல்லை, நான்தான் அனுப்பவில்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மனைவி தட்டை நீட்டினாள். அவர் தேநீரை எடுத்துக்கொண்டார்.