யோகன் மாஸ்டரின் குளிசை

பம்பலப்பிட்டி பார்மசிக்குள் தொப்பியும் முகக்கவசமுமாய் வந்தவர் யாரென்று அங்கே வேலைசெய்யும் மிதுனாவுக்கு முதலில் பிடிபடவில்லை. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. வெள்ளவத்தையில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கும் யோகன் மாஸ்டர்.

மனவருத்தம் எல்லாம் குடலில் பிறக்கிறது, கெட்ட கிருமியைக் கழுவினால் மனம் தெளியும், டொக்டர் தரும் மருந்துக் குளிசை வேண்டாம், என்னுடைய மாவும் பழச்சாறும் போதும் என்பார். மிதுனாவின் தம்பி கார்த்திகன் அதை நம்பினான். குளிசையால் ஓரளவு எழும்பி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், அதைக் குப்பையில் போட்டான். இரண்டு மாதத்துக்குள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

பிறகு தம்பியைப் பார்த்த டொக்டர் சொன்னது அவளை இன்னும் எரித்தது. "சாப்பாட்டுக்கும் குடலிலை இருக்கிற பக்டீரியாவுக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்கலாம் எண்டு ஆராய்ச்சி நடக்குது, மிதுனா. நல்ல சாப்பாடு உதவி செய்யலாம். அதுக்காக ஒருத்தரும் மருந்தை நிப்பாட்டச் சொல்லேல்லை."

முழுப் பொய்யென்றால் தம்பி கண்டுபிடித்திருப்பான். பாதி உண்மைதான் அவனைக் கொண்டுபோனது.

மாஸ்டர் காலியான குளிசை அட்டையொன்றை நீட்டினார். தம்பி எடுத்த அதே குளிசை.

"பத்து வருசமா எடுக்கிறனான். வழமையா வாங்கிற கொட்டாஞ்சேனைக் கடையிலை முடிஞ்சுபோச்சாம்."

"இஞ்சையும் இல்லை," என்றாள். பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"நித்திரை இல்லை. தலைக்குள்ளை என்னவோ செய்யுது, பிள்ளை."

நல்லாய்ச் செய்யட்டும் என்று நினைத்தாள். வெறுங்கையோடு அனுப்பினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அந்த நினைப்பு இனித்தது. ஆனால் இவர் செத்துப்போனால் மாலையும் கண்ணீர் அஞ்சலியும் கிடைக்கும். அவளுக்கு அது போதாது.

பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"உங்கடை வகுப்புக்கு வந்த கார்த்திகன்ரை அக்கா நான்."

பெட்டிக்கு நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார்.

"குளிசையை விடாதேங்கோ. நீங்கள் உயிரோடை இருக்கோணும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சனத்துக்கு முன்னாலை, இதைத்தான் எடுக்கிறன் எண்டு உங்கடை வாயாலை சொல்லோணும்."

"சொல்லாட்டி?"

"உங்கடை மருந்தை வெளியிலை சொன்னதுக்கு என்ரை வேலை போனாலும் பரவாயில்லை, நான் வந்து சொல்லுவன்."

ஞாயிறன்று முன்வரிசையில் இருந்தாள். அவர் சொன்னார். குரல் எழும்பவில்லை.

"பின்னாலை கேக்கேல்லை," என்றாள் மிதுனா. திரும்பவும் சொல்ல வைத்தாள்.

சனம் எழும்பக் கதிரைகள் இழுபட்டன. ஒருவர் தகர மாவுப் பேணியை மாஸ்டரின் காலடியில் எறிந்துவிட்டுப் போனார். அருள்நாயகி என்ற தாய் ஒருத்தி மிதுனாவின் கையைப் பிடித்தாள்.

"என்ரை மகளும் குளிசையை விட்டிட்டாள், பிள்ளை."

"இண்டைக்கே டொக்டரிட்டைக் காட்டுவம். நானும் வாறன்."

படியிறங்கும்போது அருள்நாயகி திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் வெறுங் கதிரைகளுக்கு நடுவே தனியே நின்றார்.

"அந்த மனுசனும் பாவம்தான்."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை," என்று சொல்லிவிட்டு மிதுனா ஓட்டோவை மறித்தாள்.