இரண்டு அடுப்படி உள்ள வீடு

“தள்ளி உக்காரட்டுமா மச்சான்? வாடை வருதா?”

“வருதான்னா கேக்குற? முழு வஞ்சிரம் ஒண்ணு டிக்கெட் எடுத்துட்டு நம்மகூட வருது.”

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நியூயார்க் ரயில் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹபீஸா மடியில் சுருட்டி வைத்திருந்த கறுப்பு ஜாக்கெட்டை இன்னொரு சுற்று இறுக்கினாள். அதற்கெல்லாம் அடங்குகிற வாசனையா அது? எதிரே உட்கார்ந்திருந்த ஏழு வயது மகள் ரிதா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சுவிட்டுக் காட்டினாள். கணவன் ஹாமித் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

தப்பு ஹபீஸாவுடையதுதான். தள்ளுபடியில் ஒரே மாதிரி இரண்டு ஜாக்கெட் வாங்கியிருந்தாள். ஒன்று வெளியே போட்டுக்கொண்டு போக, இன்னொன்று கராஜில் நின்று சமைக்க. காலை அவசரத்தில் கைக்கு வந்தது இரண்டாவது. மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கி அக்டோபரில் குடிவந்த நாளிலிருந்து பொரிப்பது, தாளிப்பது எல்லாம் கராஜில்தான். கார் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பர்னர் அடுப்பும் ஒரு மடக்கு மேசையும் இருந்தன. புகை போக ஷட்டரைத் தூக்கிவிட்டால் குளிர் காலைப் பிடித்து ஏறும். உள்ளே, வெள்ளைக் கல் பதித்த சமையலறையில் காபியும் டோஸ்ட்டும் மட்டும். தெரிந்த வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான் என்பதால் அவளும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவுமில்லாமல், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் இருந்தபோது ஒருநாள் சட்டையில் ஏறிய தாளிப்பு வாடையோடு ஹாமித் ஆபீஸ் மீட்டிங்குக்குள் நுழைந்ததும், யாரோ எழுந்து போய், ஒன்றும் சொல்லாமல், கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம். அதை அவன் அவளிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான்.

குளிர்கூடப் பழகிவிட்டது. ஒன்று மட்டும்தான் பழகவில்லை. அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வாப்பாவும் மகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்து “என்ன, என்ன?” என்று அவள் கேட்பதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். “ஒண்ணுமில்ல, கதவ மூடு, வாடை வருது” என்பான் ஹாமித்.

நியூயார்க் மியூசியத்தில் கோட்டுகளை வாங்கி மாட்டும் பெண் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிய கம்பளிக் கோட்டுகளைப் பார்த்ததும் ஹபீஸாவுக்கு மனசு வரவில்லை. மாலைக்குள் அத்தனை பேர் வீட்டுக்கும் வஞ்சிரம் போய்ச் சேர்ந்துவிடும். எனக்குக் குளிரும் என்று ஆங்கிலத்தில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஜாக்கெட்டைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நடந்தாள்.

ரிதா லைப்ரரி புத்தகம் ஒன்றில் பார்த்துவிட்டு அடம்பிடித்த டச்சுப் பொம்மை வீடு, கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. வீடு என்பதைவிட, ஆளைவிட உயரமான ஓர் அலமாரி. ஆமை ஓடு பதித்த கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்பது அறைகள். நகத்தைவிடச் சின்னத் தலையணைகள், மடித்து அடுக்கிய விரிப்புகள், கூண்டில் ஒரு கிளி, கட்டிலுக்கு அடியில் மறக்காமல் ஒரு மூத்திரச் சட்டி. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீமாட்டி இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததாம். குழந்தைகளைத் தொடவே விடவில்லையாம். வெள்ளைத் தாடி வைத்த வழிகாட்டி சொல்லச் சொல்ல, ஹபீஸா சொக்கிப்போய் நின்றாள். அந்தச் சீமாட்டியும் இதே போலக் குனிந்து, இதே கிளியைப் பார்த்து, இன்னொரு கிண்ணம் இங்கே வைத்தால் என்ன என்று யோசித்திருப்பாள் என்று தோன்றியது.

“அந்தக் காலப் பணக்கார வீடுகளில் இரண்டு சமையலறை இருக்கும்” என்றார் வழிகாட்டி ஆங்கிலத்தில். “பீங்கான் அடுக்கியிருக்கிறதே, அது விருந்தாளிகளுக்குக் காட்ட. அங்கே சமைப்பதில்லை. புகையும் வாசனையும் பக்கத்திலிருக்கும் சின்ன அறையோடு சரி.”

ஹாமித்தின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டுக்க. கராஜ் கான்செப்ட் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்துருச்சு.”

“அந்தம்மாவுக்கு வேலைக்காரி இருந்தா மச்சான். ஒங்களுக்கு யாரு இருக்கா?”

“நீ இருக்கியே.”

“வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்.”

ரிதா படிமேடையில் ஏறிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். பீங்கான் அறையில் மேசையைச் சுற்றி நான்கு பொம்மைகள். சின்ன அறையில் ஒன்றே ஒன்று. கையில் வாணலியோடு, முகத்தை அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு இல்லை.

“உம்மா, இஸ் ஷி கிரவுண்டட்?”

சேட்டை செய்தால் ரிதாவைத் தனியாக அறைக்குள் உட்கார வைப்பதற்கு வீட்டில் அதுதான் பெயர்.

“இல்லடா. அவ சமைக்கிறா.”

“பட் எவ்ரிபடி இஸ் ஓவர் தேர்.” ரிதாவின் விரல் பீங்கான் அறைக்கு நகர்ந்தது.

ஹாமித் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தவன், அந்த விரல் போன பக்கம் குனிந்து பார்த்தான்.

மிட்டாய் இருக்குமென்று ரிதா உம்மாவின் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டாள். வந்தது ஒரு காய்ந்த கறிவேப்பிலை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தச் சமையல்காரிக்கு நேராகக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். பொம்மையின் அளவுக்கு அது ஒரு தலைவாழை இலை. “நவ் ஷி கேன் ஈட் டூ” என்றாள். அவள் மூச்சு படிந்து பீங்கான் அறையும் நான்கு பொம்மைகளும் மங்கலாயின. இலையும் வாணலியும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. ஹாமித் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹபீஸா ஜாக்கெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அவன் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“மச்சான், நாளைக்கு ஒரு நாள் மீன உள்ள வெச்சுப் பொரிக்கட்டுமா? ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வெச்சுடுறேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்குத்தான் அப்படிச் சிரிக்கிறீங்கன்னு நானும் பாக்கணும்.”