மாயக்காள் பேசியது

1985 சித்திரையில் அழகம்மாளுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அவள் மதுரைப் பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். உள்ளே ஒரு கேசட்டும் கடிதமும் இருந்தன. மரிசோலின் காகிதங்களையும் படச்சுருள்களையும் ஒரு பல்கலைக்கழக நூலகம் வாங்கிப் பாதுகாக்கிறதாம். கேசட்டில் இருக்கும் தமிழை எழுதித் தரும்படி நூலகர் கேட்டிருந்தார்.

மரிசோல் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கப் பெண். படம் எடுப்பாள், கல்லூரியில் பாடம் நடத்துவாள், மீதி நேரம் பண்ணையாட்களுக்காக ஊர்வலம் போவாள். எட்டு வருடங்களுக்கு முன்பு பேரையூர்ப் பக்கம் பருத்தி எடுக்கும் பெண்களைப் படம் பிடிக்க வந்தாள். அப்போது அழகம்மாள்தான் அவளுக்கு மொழிபெயர்த்தது.

மதிய இடைவேளையில் கேசட்டைப் போட்டாள். ஒரு பெண் கத்தினாள்:

"எம்புள்ள காச்சல்ல கெடக்கு. எடுத்த பருத்தியவே திரும்ப எடுக்கச் சொல்றீக. எம்புட்டு நேரம் நடிக்கிறது? போங்க, எல்லாரும் போங்க!"

அடுத்து அழகம்மாளின் குரல், சுத்தமான ஆங்கிலத்தில்: இவர் உங்களை மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பேரையூர் பஸ் ஏறினாள். கத்திய பெண் மாயக்காள். விறகு பிளந்துகொண்டிருந்தவள் நின்றபடியே கேசட்டைக் கேட்டாள்.

"நான் பேசுனதுதான். சரியாத்தான பேசிருக்கேன்."

"நான் மாத்திச் சொல்லிட்டேன்க்கா. நீங்க சந்தோசமா வரவேற்கிறதாச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அதான் எனக்குக் கெடச்ச மொத வேலை. சண்டையாகிரும்னு பயம்."

"அதுக்கு என்னையச் சந்தோசப்பட வச்சியாக்கும்?"

அழகம்மாள் மன்னிப்புக் கேட்டாள்.

"அத வச்சு நான் என்ன செய்ய? பேசுனத எழுது. எம்பேரையும் போடு."

எழுதி அனுப்பினாள், தான் சொன்ன பொய்யையும் சேர்த்து. இரண்டு மாதம் கழித்து மரிசோலே பதில் போட்டாள். வரவேற்பு இல்லை என்பது அன்றைக்கே தெரியுமாம். அவளுடைய அம்மா டெக்சாஸில் பருத்தி எடுத்தவள். அன்றைக்கு மாயக்காளிடம் கண்ட அந்த முகத்தை வீட்டில் பார்த்து வளர்ந்தவளாம்.

மாயக்காள் நெகிழ்ந்துபோவாள் என்று நினைத்து, அழகம்மாள் மறுபடி பஸ் ஏறிப் போய்ப் படித்துக் காட்டினாள்.

"தெரிஞ்சும் ஏன் நிப்பாட்டல?" என்றாள் மாயக்காள்.

அதையும் எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை பதில் வர ஐந்து மாதமானது. இரண்டே வரி. 'படம் முடிந்தால் போதும் என்று நினைத்தேன். அது தப்பு.'

அழகம்மாள் அதையும் பேரையூருக்குக் கொண்டுபோனாள். மாயக்காள் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடு."

"இது இங்கிலீஷ்ல இருக்குக்கா."

"இருக்கட்டும். எனக்குத்தான பதில் எழுதிருக்கா?"

அழகம்மாள் கொடுத்துவிட்டாள். மாயக்காள் கடிதத்தை ரேஷன் கார்டு இருந்த மஞ்சள் பையில் வைத்து ஆணியில் மாட்டினாள். மதுரை பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. இரண்டு பேரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள்.